பாமாயிலும் நைஜர் ஆறும்

ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட்டை வெட்டி வாணலியில் ஊற்றும்போதெல்லாம் எனக்கு ஜாஜா என்ற ஆப்பிரிக்க அரசரின் நினைப்பு வரும். இன்று நமக்கு இந்த எண்ணெய் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. ஆனால் எண்ணெய்ப் பனையின் பிறந்த வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து பீப்பாய் பீப்பாயாக லிவர்பூலுக்குப் போன பாமாயிலை ஆலைகளும் ரயில்களும் குடித்தன.

இரும்போடு இரும்பு உரசும் இடமெல்லாம் மசகு வேண்டும். அதுவரை மாட்டுக்கொழுப்பும் திமிங்கில எண்ணெயும் கைகொடுத்தன. இயந்திரங்கள் பெருகிய வேகத்துக்கு அவை போதவில்லை. பாமாயிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இங்கிலாந்துக் குளிரில் அது வெண்ணெய் போல உறைந்து நிற்கும். அதோடு கொழுப்பும் சலவைச் சோடாவும் கலந்து, ரயில் பெட்டியின் சக்கர அச்சு சுழலும் கூட்டில் அப்பிவிட்டால், ஓட்டத்தில் சூடேறும்போது மெல்ல இளகி வழுக்கும். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் அதே எண்ணெய்தான். வேல்ஸ் பகுதியில் இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசிய பட்டறைகளிலும் சூடான பாமாயில் தொட்டி இருந்தது.

நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கிராமங்களில் பெண்கள் பழத்தை வேகவைத்து, இடித்து எண்ணெய் எடுத்தார்கள். அது படகேறிக் கழிமுகத்து ஊர்களுக்கு வரும். விலை பேசியது அந்த ஊர்களின் கறுப்பின வணிகர்கள். லிவர்பூல் வியாபாரிகள் ஆற்று முகத்தில் பழைய கப்பல்களை நங்கூரமிட்டு, அவற்றிலேயே குடியிருந்து, கேட்ட விலைக்கு வாங்கினார்கள். உள்ளே போய் நேரடியாக வாங்கினால் மலிவு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. போகத்தான் முடியவில்லை. போர்ச்சுகீசியர் இன்றைய கானாவின் கரையில் உள்ள எல்மினாவில் கோட்டை கட்டியது 1482இல். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 400 ஆண்டுகள் ஐரோப்பியர் பெரும்பாலும் இந்தக் கரையோரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடை காய்ச்சல். 1832இல் மெக்ரிகர் லேர்ட் என்பவர் நீராவிக் கப்பல்களோடு நைஜரில் ஏறினார். கூடப் போன 48 ஐரோப்பியரில் 9 பேர்தான் பிழைத்தார்கள். 1854இல் வில்லியம் பெய்க்கி என்ற மருத்துவர் பிளேயட் என்ற சிறு நீராவிக் கப்பலில் அதே ஆற்றில் போனார். காய்ச்சல் வந்த பிறகு குயினைன் கொடுப்பதுதான் அதுவரை வழக்கம். இவர் ஆற்றுக்குள் நுழைந்ததுமே தினமும் கொடுத்தார். 12 ஐரோப்பியரும் உயிரோடு திரும்பினார்கள்.

அந்தக் கசப்பு மருந்து செய்தது என்ன? மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றது போக மிஞ்சும் ஹீம் என்ற இரும்பு கலந்த பொருள் அந்தக் கிருமிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக்கி ஓரமாக ஒதுக்கிவைக்கும். குயினைன் அந்தப் படிகம் உருவாகாமல் தடுக்கிறது. தன் கழிவிலேயே கிருமி சாகிறது. பெய்க்கிக்கு இதெல்லாம் தெரியாது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான்.

இங்கேயும் தொழிற்சாலையின் கை உண்டு. சிங்கோனா மரப்பட்டையை ஆண்டீஸ் மலை மக்களிடமிருந்து ஐரோப்பியர் எப்போதோ வாங்கிக்கொண்டார்கள். ஆனால் 1820இல் பாரிசில் பெல்லெட்டியேவும் கவாந்துவும் பட்டையிலிருந்து குயினைனைத் தனியே பிரித்த பிறகுதான் அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்தாக அது மாறியது. மரத்துக்குத் தென்னமெரிக்காவையே நம்பியிருக்க பிரிட்டிஷாருக்கு மனமில்லை. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் கன்றுகளையும் விதைகளையும் கொண்டுவர ஏற்பாடு செய்தார். நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தது அப்படித்தான். நடுவட்டத்தில் அந்த வேலைக்குச் சீனக் கைதிகளையும் இறக்கினார்கள்.

அடுத்தது கப்பல். பாய்மரக் கப்பல் கடலுக்குச் சரி. ஆற்றில் நீரோட்டம் எதிர்க்கும், காற்று மரங்களுக்கிடையே செத்துவிடும், ஆழமான அடிப்பாகம் மணலில் தட்டும். நீராவிக்குக் காற்று வேண்டாம். மரப் பலகையைவிட இரும்புத் தகடு மெல்லியது என்பதால் உடலும் இலேசு. ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும். பிளேயட்டைக் கட்டியது மெக்ரிகரின் அண்ணன் ஜான் லேர்டின் பர்கன்ஹெட் பட்டறை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதே பட்டறை கட்டிக்கொடுத்த நெமிசிஸ் என்ற இரும்புக் கப்பல், 1841 ஜனவரியில் சீனாவின் முத்து ஆற்று முகத்தில் போர்ப் படகுகளை அடித்து நொறுக்கியது.

துப்பாக்கியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது தோட்டாதான். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நின்ற சமோரி துரேயின் கொல்லர்கள், புதிய ரகத் துப்பாக்கியைப் பார்த்து அதேபோல உலைக்களத்தில் செய்தே காட்டினார்கள். கைத்திறனில் குறையே இல்லை. ஆனால் ஒரே அளவுப் பித்தளைத் தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் கொட்டுவது இயந்திரத்தால் ஆகும் காரியம். சுடும்போது பின்னுக்கு உதைக்கும் விசையைக் கொண்டே அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் மாக்சிம் துப்பாக்கி 1884இல் வந்த பிறகு அந்த இடைவெளி எட்ட முடியாததாகிவிட்டது.

சரி, ஜாஜாவுக்கு வருகிறேன். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, கழிமுகத்தில் ஒபோபோ என்ற தனி அரசையே நிறுவியவர் அவர். பாமாயிலை நேராக இங்கிலாந்துக்கு அனுப்பினார். தன் சந்தைக்குள் வெள்ளைக்காரர்களை விடவில்லை. 1884இல் பிரிட்டிஷ் தூதர் 'பாதுகாப்பு' ஒப்பந்தம் நீட்டியபோது, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எழுத்தில் கேட்டு வாங்கினார். தடையற்ற வணிகம் என்ற பிரிவை நீக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு நிதானமான மனிதர்!

1887இல் தற்காலிகத் தூதர் ஹாரி ஜான்ஸ்டன் அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். பத்திரமாகத் திரும்பலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கோஷாக் என்ற போர்க்கப்பலில் ஏறிய ஜாஜாவுக்கு முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன: சரணடைவது, அல்லது ஊர் மீது பீரங்கிக் குண்டு விழுவதைப் பார்ப்பது. அவர் சரணடைந்தார். அக்ராவில் விசாரித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1891இல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. வரும் வழியில் டெனரீஃப் தீவில் இறந்துபோனார். உடலை அங்கே புதைத்தார்கள். அப்புறம் ஒபோபோ மக்கள் தங்கள் அரசரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.