ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில்

ஆட்டிசம் உள்ள பிள்ளை எந்நேரமும் கிரிக்கெட் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் முதலில் வருவது கவலைதான். "வேறு பேச்சே இல்லை, இதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்கும் பெற்றோர் நிறைய. நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அந்தப் பிள்ளைக்குத் தன்மேல் நம்பிக்கை வருவதற்கான வழி அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கலாம்.

நம் மூளை சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்பு சரியானால் அதை நாம் கவனிப்பதுகூட இல்லை, தவறினால்தான் திடுக்கிடுகிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹாவும் அவருடைய சகாக்களும் 2014-இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார்கள்: ஆட்டிசம் உள்ளவர்களின் பல சிரமங்களுக்கு அடியில் இந்தக் கணிப்பு வேலையில் உள்ள வேறுபாடு இருக்கலாம் என்பது அது. இது முடிந்த முடிவல்ல, விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளை ஏன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்கிறது என்பதை இது ஓரளவு விளக்குகிறது. யார் எப்போது வந்து கன்னத்தைக் கிள்ளுவார்கள், எந்த நொடியில் மேளம் உச்சத்துக்குப் போகும், "என்னடா, என்னைத் தெரியுதா?" என்று எந்தச் சித்தப்பா கேட்பார், எதுவும் முன்கூட்டித் தெரியாது. ஒரு திடுக்கிடல் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இப்போது ஒரு டி20 ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு பந்து வீசப்படுகிறது. அதில் என்ன நடக்கலாம் என்பதற்குச் சின்னப் பட்டியல்தான் உண்டு: ரன் இல்லை, ஒன்று, இரண்டு, அபூர்வமாக மூன்று, நான்கு, ஆறு, விக்கெட், வைடு, நோபால் என்று. இதில் எது வரும் என்று தெரியாது, ஆனால் இதற்கு வெளியே எதுவும் அநேகமாக வராது. நடந்ததும் அது ஓர் எண்ணாக மாறித் திரையில் நின்றுவிடுகிறது. அப்புறம் பந்துவீச்சாளர் திரும்பி நடக்கிறார். அந்த நடை முக்கியமானது. நடந்ததை மனம் வாங்கிக்கொண்டு அடுத்ததை யூகிக்க அவ்வளவு நேரம் கிடைக்கிறது. ஆறு பந்து முடிந்தால் ஓவர், 20 ஓவர் முடிந்தால் இன்னிங்ஸ். இரண்டு அணிக்கும் சேர்த்து 240 முறை, எல்லை கட்டிய ஒரு நிச்சயமின்மையை அந்தப் பிள்ளை சந்தித்து, தாங்கி, கடந்துபோகிறது. வாழ்க்கையில் வேறு எங்கே இவ்வளவு அளவான பயிற்சி கிடைக்கும்?

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. பொங்கலையொட்டி எங்கள் காரைக்குடிப் பக்கம் சிராவயலில் நடக்கும் மஞ்சுவிரட்டைப் பார்க்க ஊரே திரண்டு போகும். மாடு எந்தத் திசையில் பாயும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் அதன் அழகு. அதே காரணத்தால், கூட்டமும் இரைச்சலும் சேர்ந்து, ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த இடம் தாங்க முடியாததாகிவிடும். ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணர்வதில் உள்ள இந்த வேறுபாட்டை 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவ வழிகாட்டி ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது.

அதே வழிகாட்டி, ஒன்றின்மேல் வைக்கும் தீவிர ஈடுபாட்டையும் அறிகுறிகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே பார்வை அப்படித்தான். 2005-இல் ஆய்வாளர்கள் டைனா மரே, மைக் லெஸ்ஸர், வெண்டி லாசன் மூவரும் வேறு கோணத்தில் பார்த்தார்கள். கவனம் என்பது அளவுள்ள ஒரு வளம். பெரும்பாலோர் அதைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரு சில இடங்களில் முழுவதுமாகக் கொட்டுகிறார்கள். அப்படிக் கொட்டும் இடத்திலிருந்து பிள்ளையைச் சட்டென்று இழுத்தால் வலிக்கத்தான் செய்யும். அந்த இடத்துக்குள்ளேயே மற்றவற்றைக் கொண்டுவந்தால் பிள்ளை தானாக வாங்கிக்கொள்ளும். ரன் ரேட்டில் வகுத்தல் இருக்கிறது, அணிகளின் பட்டியலில் உலக வரைபடம் இருக்கிறது.

இது மூளை ஸ்கேனிலும் தெரிந்திருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், டிஜிமான் கார்ட்டூனில் மூழ்கியிருந்த, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைப் பரிசோதித்தார்கள். மனித முகங்களைப் பார்த்தபோது மூளையின் முகம் அறியும் பகுதி அவ்வளவாகச் செயல்படவில்லை, டிஜிமான் உருவங்களைப் பார்த்தபோது அதே பகுதி நன்றாக வேலை செய்தது. ஒரே ஒரு சிறுவனின் கதை இது, எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. இருந்தாலும் அந்தப் பகுதி செயலற்றுக் கிடக்கவில்லை, ஈர்ப்பு உள்ள இடத்தில் இயங்கியது என்பது யோசிக்க வைக்கிறது.

சரி, தன்னம்பிக்கைக்கு வருவோம். உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் சொன்னது இன்றும் நிற்கிறது: "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு வலுவான ஊற்று, உண்மையிலேயே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். பாராட்டுச் சொற்கள் அதற்கு அடுத்துத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் உண்டு, கேட்ச் பிடிக்க வராது. கண்மாய்த் தரையில் டென்னிஸ் பந்து ஆடும் பையன்கள் அணி பிரிக்கும்போது அந்தப் பிள்ளை கடைசியில் நிற்கும், அல்லது வீட்டிலேயே இருந்துவிடும். ஆனால் ஸ்கோர் எழுத ஆள் வேண்டும். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, வைடுக்குத் தனிக் குறி. கடைசியில் பேட்ஸ்மேன்களின் ரன்னும் உதிரிகளும் (எக்ஸ்ட்ரா) சேர்ந்த தொகை, பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு, மட்டையில் படாமல் ஓடி எடுத்த பை, லெக் பை ரன்கள் சேர்ந்த தொகைக்குச் சமமாக வர வேண்டும். செட்டி வீட்டுக் கணக்கில் ஐந்தொகை ஒத்துப்போக வேண்டும் என்பது போலத்தான் இதுவும். ஓர் இடத்தில் ஒரு ரன் விட்டுப்போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். நுணுக்கத்தை விடாமல் பிடிக்கும் பிள்ளைக்கு இது நிஜமான வேலை, ஆட்டத்துக்குத் தேவையான வேலை.

அதோடு, நம் ஊர்களில் முன்பின் தெரியாதவர்கூடக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஸ்கோர் என்னப்பா?" "142-க்கு 4, 16 ஓவர், ஐயா." இந்த உரையாடலுக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, இருவர் பார்வையும் டி.வி.யில்தான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்ப்பதும் உறவுதான். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான புரியாமை இரு பக்கமும் உள்ளது என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அப்படிப் பார்த்தால், பாதித் தூரம் நாமும் நடந்து போக வேண்டும், டி.வி. முன்னால் போய் உட்காருவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

இங்கே கிடைக்கும் நம்பிக்கை தானாகவே மற்ற இடங்களுக்குப் பரவிவிடாது. சிறு சிறு பாலங்கள் வேண்டும். மலேசியாவில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு ஆட்ட முடிவைச் சொல்வது ஒன்று. ஐ.பி.எல். இங்கே இரவு 7.30-க்குத் தொடங்கும்போது அங்கே 10 மணி. எத்தனை மணிக்குப் பேசினால் மாமா விழித்திருப்பார் என்று கணக்கிடும்போது, இன்னொருவர் நிலையிலிருந்து யோசிக்கவும் அந்தப் பிள்ளை பழகுகிறது.

கெடுக்கும் வழிகளும் உண்டு, அவை நல்லெண்ணத்தோடுதான் வரும். விருந்தாளி வந்ததும் "1983 ஸ்கோரைச் சொல்லிக் காட்டு" என்று நிறுத்திவைப்பது ஒன்று. பிள்ளை காட்சிப்பொருள் ஆகிவிடும். சாப்பிடாவிட்டால் மேட்ச் கிடையாது என்று மிரட்டுவது இன்னொன்று. மனம் ஆறும் ஒரே இடத்தைப் பணயம் வைக்கக்கூடாது. பெண் பிள்ளைகளின் ஆர்வத்தை "உனக்கெதுக்கு இது?" என்று தட்டிவிடுவதும் நடக்கிறது. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகுமா? பெரிய பழைய வீடுகளில் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கும்போது, விக்கெட் விழுந்தால் எழும் கூச்சல் கல்தூணிலும் ஆத்தங்குடி ஓடு பதித்த தரையிலும் பட்டு எதிரொலிக்கும். அந்தப் பிள்ளைக்கு வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு சிறு டி.வி., குறைந்த ஒலி, கூட ஒருவர் போதும்.

தோல்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிடித்த அணி தோற்றால் அழுகை மணிக்கணக்கில் நீளலாம். அந்த நேரத்தில் "வெறும் விளையாட்டுதானே" என்று சொல்வது உதவாது. ஆட்டத்துக்கு முன்பே பேசிவைக்கலாம்: தோற்றால் டி.வி.யை எப்போது அணைப்பது, அப்புறம் எங்கே போய் உட்காருவது, என்ன செய்வது என்று. அதை எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. தோல்வியும் முன்கூட்டித் தெரிந்த பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. அடுத்த ஆட்டத்தின் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சீசன் முடியும் நாளையும் வட்டமிடுங்கள், அதற்குப் பின்னால் வருகிற தொடரின் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.