ஊமைக்காயம்: பிள்ளையின் வயிற்றில் பேசாமல் கிடக்கும் அடி

"வெளியாலை ஒரு கீறலும் இல்லை. ஊமைக்காயமா இருக்குமோ எண்டுதான் பயமாக் கிடக்கு." வன்னியில் மல்லாவிப் பக்கத்து அம்மம்மா ஒருவர் இப்படிச் சொன்னார். பேரன் சைக்கிளோடு விழுந்ததில் ஹாண்டிலின் நுனி வயிற்றில் இடித்திருந்தது. ஆங்கிலத்தைப் பெயர்த்து எழுதுகிறவர்கள் இதை 'மழுங்கிய வயிற்றுக் காயம்' என்பார்கள். என்னைக் கேட்டால் அம்மம்மாவின் சொல்தான் திறம்.

ஆங்கிலத்தில் இது 'பிளன்ட் ட்ராமா'. ட்ராமா கிரேக்கச் சொல், அங்கே அதற்குக் காயம் என்றே பொருள். மனம் நொந்ததற்கு அதைச் சொல்வது பிற்கால வழக்கம். பிளன்ட் என்றால் கூர் இல்லாதது. ஆனால் கூர் இல்லாதது இடித்த பொருள்தானே? ஹாண்டில், லாண்ட்மாஸ்டர் என்னும் கை உழவு இயந்திரத்தின் பெட்டி, மரத்தடி நிலம், மாட்டின் தலை, இவைதான் மழுக்கம். பொருளின் குணத்தைக் காயத்தின் தலையில் கட்டிவிடுவது ஆங்கிலத்துக்குப் பழகிப்போனது. தமிழில் கத்தி மழுங்கும், புத்தி மழுங்கும், காயம் எப்படி மழுங்கும்? கூர் போன கத்தியை எங்கள் பக்கம் மொட்டைக் கத்தி என்போம். அந்த வழியில் 'மொட்டைக் காயம்' என்று எழுதினால், மொட்டைக் கடிதம் மாதிரி, போட்டவன் பெயர் இல்லாத காயம் என்று நினைக்க வேண்டியதுதான்.

ஊமை என்ற அடை வேறு வேலை செய்கிறது. குலுக்கினால் சத்தம் வராதது ஊமைத் தேங்காய். பழுத்து வாய் வைக்காமல் உள்ளேயே நின்று நோவது ஊமைக்கட்டி. மேகம் மூடியும் உடம்பை அவிப்பது ஊமை வெயில். மூன்றிலும் உள்ளே விஷயம் இருக்கிறது, வெளியே அடையாளம் இல்லை. அடித்தது எது என்ற கேள்விக்கே போகாமல், அடி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்கிற சொல் இது. கன்றிப்போவது இதில் சேராது. கன்றலில் தோல் நீலம் பாய்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊமைக்காயத்தில் அந்த நீலமும் இல்லாமல் போகலாம்.

காயம் தமிழ்ச் சொல்லா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அடித்தலைக் குறிக்கும் வடமொழிக் 'காத' பிராகிருதத்தின் வழியே உருமாறி வந்தது அது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் உண்டு. உடம்பு என்னும் காயமும் பெருங்காயமும் வேறு வேறு பிறப்பு. தனித்தமிழ் வேண்டுமென்றால் புண் இருக்கிறது, விழுப்புண் திருக்குறளிலேயே உண்டு. ஆனால் 'வயிற்றுப்புண்' என்று எழுதிப் பாருங்கள், நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கு வரும் அல்சர்தான் எவருக்கும் நினைவு வரும். ஊறு என்றாலும் பிழையில்லை, ஆனால் 'உள்ளூறு' என்றால் உள்ளே ஊறுவது போல் ஒலிக்கிறது. (ரத்தம் அங்கே ஊறத்தான் செய்கிறது என்று வாதாடலாம்.) காயம் தன் பிறப்பில் அடியைத்தான் குறித்தது, தோல் திறந்ததை அல்ல. அந்தப் பழைய பொருளை ஊமைக்காயம் மீட்டுத் தந்துவிடுகிறது. அதனால் என் தேர்வு 'வயிற்று ஊமைக்காயம்'.

வன்னியில் இந்தச் சொல்லுக்கு ஒரு தடையும் இருக்கிறது. 2009 வரை இங்கே காயக்காரர் என்றால் ஷெல் பட்டவர், அதன் சிதறலான பீஸ் ஏறியவர். காயம் என்றால் ரத்தம் என்று கண் பழகிவிட்டது. அத்தனையையும் பார்த்த தகப்பன், பிள்ளையின் வயிற்றைத் தடவி, "ஒண்டுமில்லை, நோவெண்ணெய் போட்டு உருவிவிடு" என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உருவக் கூடாது. அடிபட்ட வயிற்றை அமுக்கினால் ஒட்டி நின்ற ரத்தக்கட்டி விலகும். சோடா, தேத்தண்ணியும் வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது.

சரி, பெரியவருக்கு இல்லாத கவனம் பிள்ளைக்கு ஏன்? பிள்ளையின் வயிற்றுத் தசை மெல்லியது, கொழுப்பும் குறைவு. விலா எலும்பு வளையும், அதனால் முறியாமலே அடியை உள்ளே அனுப்பிவிடும். உடம்பின் அளவுக்குப் பார்த்தால் ஈரலும் மண்ணீரலும் பெரியவை, விலாவுக்குக் கீழே எட்டிப் பார்ப்பவை. ஹாண்டில் குத்து இன்னொரு விதம்: கணையத்தையும் முன்சிறுகுடலையும் முதுகெலும்போடு வைத்து நசுக்கும். அது ஓரிரு நாள் கழித்து வாந்தியாகத்தான் வெளியே வரும்.

பிள்ளையின் ரத்தம் கிலோவுக்குச் சுமார் 80 மில்லிலீற்றர். 20 கிலோப் பிள்ளைக்கு மொத்தம் ஒன்றரை லீற்றரும் சொச்சமும். அதில் 30 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஒரு அரை லீற்றர்ப் போத்தல், போகும்வரை ரத்த அழுத்தம் விழாமல் நிற்கலாம். பிள்ளையின் நாளங்கள் அவ்வளவு இறுகிப் பிடிக்கும். அதனால் அழுத்தம் சரி என்றதும் ஆறுதல் அடையக் கூடாது. முதலில் பேசுவது நாடி, அது வேகம் பிடிக்கும். பிறகு கைகால் குளிரும், நகத்தை அமுக்கி விட்டால் சிவப்புத் திரும்பத் தாமதிக்கும், பிள்ளை சோர்ந்து கதை குறையும். வேடிக்கையானது தோள்தான். மண்ணீரல் கிழிந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை ரத்தம் தொட்டால் இடது தோள் நோகும். அந்தப் பேரனும் இரவில் "தோள் நோகுது" என்றுதான் சொன்னான். வயிறு ஊமை, தோள் வாய் திறந்தது. வீட்டார் 1990 அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த சொல் சத்திரசிகிச்சை. சத்திரம் இங்கே கத்தி, வடமொழி 'சஸ்திர'. தங்குகிற சத்திரத்துக்கும் அதற்கும் உறவில்லை. தமிழகத்தார் அறுவை சிகிச்சை என்பார்கள், அதுவும் பழையதுதான். 'வாளால் அறுத்துச் சுடினும்' மருத்துவன் மேல் அன்பு மாறாத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் பாடியிருக்கிறார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1867இல் வெளிவந்த தம் நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார். இரணம் என்றால் புண், போர் என்றும் பொருள் உண்டு. வன்னிக் குளமான இரணைமடு இதில் வராது, அந்த இரணை இரட்டை.

ஆனால் பிள்ளையின் ஊமைக்காயத்தில் சத்திரம் பெரும்பாலும் உறையிலேயே இருக்கும். முன்பு மண்ணீரல் கிழிந்தால் எடுத்துவிடுவார்கள். மண்ணீரல் இல்லாத கைக்குழந்தைகளைக் கொடிய தொற்று தாக்குவதை 1952இல் கிங், ஷூமாக்கர் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். 1968இல் டொரன்டோவிலிருந்து உபாத்தியாயாவும் சிம்சனும் கிழிந்த மண்ணீரல் தானாக ஆறும் என்று காட்டினார்கள். இன்று நாடியும் அழுத்தமும் நிலையாக நிற்கும் பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஈரல், மண்ணீரல் கிழிவு கத்தி வைக்காமலே ஆறுகிறது. இதற்குத் தமிழில் 'அறுவையற்ற மேலாண்மை' என்று எழுதுவது ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் போல் படுகிறது. நான் 'காவல்' என்பேன். வயலில் யானைக்குக் காவல் இருப்பவன் முக்கால்வாசி இரவு வெடி கொளுத்துவதில்லை, ஆனால் தூங்குவதுமில்லை. நாடி, வயிறு, ரத்த அளவு என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், ஸ்கான் எடுப்பார்கள், பக்கத்திலேயே சத்திரசிகிச்சைக் கூடமும் ரத்தமும் ஆயத்தமாக இருக்கும். ரத்தம் ஏற்றியும் நிலை தேறாவிட்டால், குடல் ஓட்டையானால், வயிறு பலகை போல இறுகினால், உடனே வயிறு திறக்க வேண்டும். மண்ணீரலை எடுக்க நேர்ந்தால் அப்புறம் நியூமோகொக்கஸ் முதலிய கிருமிகளுக்குத் தடுப்பூசி கட்டாயம்.

பேரனுக்கு மண்ணீரல் கிழிவு, கடுமையை அளக்கும் ஐந்து படிகளில் மூன்றாம் படி. கத்தி வைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுவர் சத்திரசிகிச்சையாளர் சங்கம் சொன்ன கணக்குப்படி, படியோடு ஒன்றைக் கூட்டினால் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாள். அதை இப்போது வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். படியோடு இரண்டைக் கூட்டினால் ஓடாமல் ஏறாமல் இருக்க வேண்டிய கிழமை. மூன்றும் இரண்டும் ஐந்து. பாலைப்பழக் காலம் அதற்குள் முடிந்துவிடும். அதைக் கேட்டதும்தான் பெடியன் முதல்முறையாக அழுதான் என்று அம்மம்மா சொன்னார்.