மொய் நோட்டை ஏன் எடைக்குப் போட்டீர்கள்?

போன மாதம் ஒருவர் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய ஆவணங்களைப் பராமரிக்கிற எனக்கு இதைவிடச் சந்தோஷம் கிடையாது, ஆனால் திறந்தால் பாதிக்கு மேல் காலி. "வேண்டாததைக் கழித்துவிட்டேன் சார்" என்றார் பெருமையாக. கிரயப் பத்திரங்கள் இருந்தன, அதுவும் லேமினேட் செய்து. கடிதங்கள், கணக்கு நோட்டுகள், மூன்று கல்யாண மொய் நோட்டுகள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

பதிவான பத்திரத்துக்கு நகல் வாங்கிவிடலாம். மொய் நோட்டுக்கு எங்கே போவது? எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எவ்வளவு எழுதினார், முதல் கல்யாணத்துக்கு எழுதிய வீடு அடுத்ததில் ஏன் காணோம் என்று உறவும் பகையும் சேர்ந்தே கிடக்கிற இடம் அது. வம்சாவளி தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அவர் குடும்பத்திடமே கிடந்து, 1846இல்தான் வெளியார் கண்ணில் பட்டது. அதுவரை வீட்டில் யாரும் அதைக் 'கழிக்கவில்லை', அவ்வளவுதான். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பில்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் நூலகமே உருவானது.

பெட்டி கிடைத்தால் தரம் பிரிக்காதீர்கள். ஒரு கடிதம் எந்தப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது என்பதே ஒரு தகவல், அதனால் கட்டை அவிழ்க்கும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல் மெதுவாகக் கழற்ற வேண்டும். செலோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். போட்டோவின் பின்பக்கம் பேனா படக்கூடாது. மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், அதுவும் பெரியம்மாவுக்கு முகங்கள் ஞாபகம் இருக்கும்போதே.

வெளியே கொடுத்தால் திரும்பி வருமா என்ற பயம் நியாயமானது. ஆனால் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் அசல் நாட்டைவிட்டே போகக் கூடாது, மின்படி, அதாவது டிஜிட்டல் நகல்தான் எடுப்பார்கள். அதன் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்க் கிராமத்துக் காகிதங்களை மின்படி எடுத்திருக்கிறது. ஈழத்துக் குடும்பங்களுக்கு, அங்கத்திய தமிழ் ஆவணங்களை மின்படி எடுத்து இணையத்தில் வைக்கும் 'நூலகம்' என்ற நிறுவனம் இருக்கிறது.

அவர் கிளம்பும்போது, "லேமினேஷனைப் பிரித்துவிடலாமா?" என்றார். சூட்டில் பிளாஸ்டிக்கும் தாளும் ஒட்டிப்போயிருக்கிறது, உரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும், அப்படியே வெயில் படாமல் வையுங்கள் என்றேன். முகம் வாடிப்போய்விட்டது, பாவம்.