மிதக்கும் வைனைல் தரையும் சுவரலமாரியும்

சிங்கப்பூர் வீடுகளில் வைனைல் தரை இவ்வளவு பரவியதற்குக் காரணம் எளிது. பழைய டைல்ஸை உடைக்க வேண்டாம், தூசி இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு இரைச்சலும் இல்லை. தரைப்பூச்சின் தடிமன் சிமெண்டையும் சேர்த்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதி. வைனைல் பலகையின் தடிமனோ பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர்தான். சிக்கல் தொடங்குவது தச்சர் வந்த பிறகு. உத்தரம்வரை உயரும் துணி அலமாரி, பூசை அலமாரி, புத்தக அடுக்கு என எல்லாவற்றையும் அந்தத் தரையின் மேலேயே நிறுத்தி, சில இடங்களில் தரையைத் துளைத்துத் திருகாணியும் போட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தரையை 'மிதக்கும்' தரை என்கிறோம். பலகைகள் ஒன்றோடொன்று மட்டுமே கொக்கி போட்டுக் கோத்திருக்கும். கீழே பசை கிடையாது. அறை முழுவதும் ஒரே விரிப்புபோல நகரும். சுவரோரங்களில் விடும் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி அந்த நகர்வுக்காகத்தான். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டி அதை மறைத்துவிடுவதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வைனைல் ஈரத்தில் உப்பாது. மரத்தூளை அழுத்திச் செய்த லாமினேட் தரைக்குத்தான் நம் ஊர் ஈரக்காற்று எதிரி. ஆனால் நீர் புகாது என்பது வேறு, சூட்டில் நீளாது என்பது வேறு. வைனைல் பலகையின் மூலப்பொருளான பிவிசி பிளாஸ்டிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, சுமார் 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் நீளும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்த எஸ்பிசி என்ற வகை வைனைல் பலகை அதைவிடக் குறைவாக நீளும், ஆனாலும் நீளத்தான் செய்யும். இரவெல்லாம் ஏர்கான் ஓடி 25 டிகிரியில் இருந்த அறை. மேற்குப் பார்த்த ஜன்னல் வழியே மாலை வெயில் விழுந்து தரை 40 டிகிரிக்குப் போகிறது. 5 மீட்டர் நீளத் தரை முழுவதும் அப்படிச் சூடானால், சாதாரண வைனைல் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடும்.

அது நகர வழியில்லாதபோது என்ன ஆகும்? 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் தரையை அசையாமல் பிடித்துவிட்டோம் என்று வையுங்கள். நடுவில் வெறும் 2 மில்லிமீட்டர் நீளம் கூடுகிறது. சரிநடுவில் மடிந்து எழுந்தால், ஒவ்வொரு பாதியும் 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,001 ஆகும். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் நடுப்பகுதி 45 மில்லிமீட்டர் உயரும்! நடைமுறையில் இணைப்புகளின் நெகிழ்வும் பலகையின் எடையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதனால் இவ்வளவு தெரியாது. ஆனாலும் சிறிய நீட்சி பெரிய மேடாவது இப்படித்தான். இரவில் தரை சுருங்கும்போது இணைப்பு விரியும், கொக்கியின் மெல்லிய உதடு முறியும். முறிந்த பலகையை மாற்ற ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த ஓரத்தில்தானே அலமாரி நிற்கிறது!

கட்டில், சோபா பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சுவரில் மட்டும் கனமான சாமான் இருந்தால் தரை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். ஆபத்து எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் பாரம் ஏற்றும்போதுதான். பலகைக்கு அடியில் மெத்தைபோல விரித்த ஃபோம் காலப்போக்கில் அழுந்துவதால், அலமாரி லேசாகச் சாய்ந்து கதவுகள் ஒன்றோடொன்று உரசுவதும் உண்டு.

"தரையை முதல்ல போட்டுட்டா வேலை சுத்தமா இருக்கும்ணே" என்று குத்தகையாளர் தம்பி சொல்வார். அவருக்கு வெட்டு வேலை மிச்சம், அவ்வளவே. என்னைக் கேட்டால் அலமாரிதான் முதலில். அதை டைல்ஸ் அல்லது கான்கிரீட் மேலேயே மட்டம் பார்த்து நிறுத்தி, வைனைலை அதன் அடிவரை கொண்டுவந்து இடைவெளி விட்டு முடிக்க வேண்டும். அந்த இடைவெளியை மறைக்கும் பட்டியை அலமாரியில் அடிக்கலாம், தரையில் அடிக்கக் கூடாது. சிலிகான் பூசலாம், இறுகிப்போகும் சிமெண்ட் கூடாது. தரை ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், அலமாரி நிற்கும் இடத்தை மட்டும் அறுத்து எடுத்துவிடுங்கள். புத்தக அடுக்கைச் சுவரில் தொங்கவிடுவது இன்னும் நல்லது. ஆனால் கான்கிரீட் சுவரா, மெல்லிய தடுப்புச் சுவரா என்று பார்த்து அதற்கேற்ற ஆணி போட வேண்டும். பலகையைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் இந்தக் கவலை அநேகமாக இல்லை. எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தச்சர் அளவெடுக்க வரும் நாளில், பலகையும் ஃபோமும் சேர்ந்து எத்தனை மில்லிமீட்டர் உயரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அலமாரிக் கதவின் அடிப்பக்கம் அந்த அளவுக்கு மேலே நிற்க வேண்டும்.