ஆச்சியின் பெட்டி எங்கே உடைந்தது?

வளவில் வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து, எதிர்வீட்டு ஆச்சி பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். சாம்பல் நிறக் கெட்டி ஓடு. நான்கு சக்கரங்களில் மூன்றுதான் மிச்சம். நாலாவது இருந்த இடத்தில் உடைந்த பிளாஸ்டிக் குழியும் வளைந்த திருகாணி ஒன்றும் இருந்தன. மூலையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விரிசல்.

சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறி, பினாங்கு போய்த் திரும்பிய பயணம் அது. ஆச்சியின் ஐயா கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன ஊர் பினாங்கு. அந்தத் தெருக்களைக் கண்ணால் பார்த்துவிட்ட நிறைவோடு வந்தவர், பெட்டியின் கோலத்தைக் காரைக்குடி வந்து சேர்ந்த பிறகுதான் கவனித்திருக்கிறார்.

"எங்க ஐயா கொண்டுபோன தகரப்பெட்டி இன்னும் குத்துக்கல்லாட்டம் உள்ள இருக்கு தம்பி. இது வாங்கி எட்டு வருசந்தான். கப்பல்ல என்னத்தப் பண்ணுனாங்களோ, அலையில கெடந்து உருண்டுச்சோ!"

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் எடுப்பவன். உடைந்த பொருளைப் பார்த்தால் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் உடைந்தது என்று தேடாமல் இருக்க முடியாது. அன்று ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கடலின் மேல் விழுந்த பழியைப் பார்த்துவிடலாம். இன்றைய பெரிய பயணக் கப்பல்களின் பக்கவாட்டில், நீருக்குள் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கின்றன. உருளலை அவை பெருமளவு அடக்கிவிடும். அதையும் மீறிக் கப்பல் ஒரு பக்கம் 10 பாகை சாய்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். பயணிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய அளவுக்கான சாய்வு அது. அப்போதும் அறையில் இருக்கும் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, அதன் எடையில் ஆறில் ஒரு பங்குதான். 20 கிலோ பெட்டியை மூன்றரைக் கிலோ அளவுக்குத் தள்ளும். இது ஒரு குழந்தை கையால் தள்ளுவதைப் போல. ஓடு உடைய இது போதாது.

அப்படியானால் எது போதும்? பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் போடுகிறவர்களைப் பாருங்கள். அதே வேகத்தில் அதே காயை மணலில் எறிந்தால் அது உடையாது, புதையும். காயின் வேகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கல்லில் அது ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். மணலில் நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே போய் நிதானமாக நிற்கிறது. விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், பொருளின் மேல் அதன் எடையைப்போல் ஏறக்குறைய எத்தனை மடங்கு விசை விழுகிறது என்பது கிடைத்துவிடும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 20 கிலோ பெட்டி, தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் 100 மடங்கு, அதாவது இரண்டு டன். ஐந்து சென்டிமீட்டர் கிடைத்தால் 400 கிலோ. கடல் தந்த மூன்றரைக் கிலோவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கப்பல் பயணத்தில் இப்படிப்பட்ட விழுகைகள் எங்கே நேர்கின்றன? துறைமுக வாசலில் பெட்டியை வாங்கி அறை எண் கொண்ட சீட்டைக் கட்டுகிறார்கள். எக்ஸ்ரே பெல்ட் வழியாகப் போய்க் கம்பிக்கூண்டு வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது. ஐந்தடுக்கு என்றால் அடிப்பெட்டியின் மேல் 80 கிலோ. ஃபோர்க்லிஃப்ட் அந்தக் கூண்டைக் கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே ஏற்றுகிறது. அங்கே தளவாரியாகப் பிரித்து, லிஃப்டில் ஏற்றி, அறை வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். கடைசி இரவு பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாகக் கீழே இறக்கிக் கூண்டில் அடைத்து, விடிந்ததும் கரைக்கு அனுப்புகிறார்கள்.

நெருக்கடி அந்தக் காலையில்தான். கப்பல் அன்று மாலையே அடுத்த பயணிகளோடு புறப்பட்டாக வேண்டும். 3,000 பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி, மூன்று மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 33 பெட்டி. அந்த வேகத்தில் வேலை செய்கிறவர் ஒவ்வொன்றையும் குனிந்து கீழே வைக்க முடியாது. அவர் முதுகும் நம் முதுகைப் போன்றதுதான். அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பொட்டலங்களைச் சோதிக்கும் பொறியாளர்களுக்கு இதில் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: இலேசான பெட்டி உயரத்திலிருந்து விழும், கனமான பெட்டி தாழ்விலிருந்து விழும். சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கத்தின் அடிப்படைச் சோதனையில், பத்துக் கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தைச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். 28 முதல் 45 கிலோ வரையானதை 30 சென்டிமீட்டரிலிருந்துதான் போடுகிறார்கள். கனமானதை யாரும் மார்பு உயரத்துக்குத் தூக்குவதில்லை என்பதால் அப்படி. ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்து முறை போடுவது அந்தச் சோதனையின் முறை. மூலையில்தான் தொடங்குவார்கள்.

ஆச்சியின் பெட்டியிலும் விரிசல் மூலையில்தான். இதற்கு உற்பத்தி முறையிலேயே காரணம் இருக்கிறது. கெட்டி ஓட்டுப் பெட்டிகளில் பலவற்றை, பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி இழுத்து வார்க்கிறார்கள். ஒரு பாலிதீன் பையை முழங்கை முனையில் இறுக்கி இழுத்துப் பாருங்கள். முனையில் மட்டும் பை வெளுத்து மெலிந்துவிடும். ஓட்டின் மூலையும் அப்படித்தான் இழுபட்டு மெலிகிறது. எந்த இடத்தில் அடி அதிகமோ அந்த இடத்தில் கனம் குறைவு. நல்ல பெட்டிகளில் மூலைக்குத் தனியாக ஒரு காப்பு வைப்பது இதனால்தான்.

ஆனாலும் அந்த விரிசல் எனக்கு வேறொன்றைச் சொன்னது. பெட்டியைத் திறந்து உள்துணியை விலக்கிப் பார்த்தேன். வெளியே கோடாகத் தெரிந்தது, உள்ளே மெல்லிய பிறைபோன்ற ஒரு பள்ளத்திலிருந்து மூன்று கிளையாகப் பிரிந்திருந்தது. அடி உள்ளேயிருந்து விழுந்திருக்கிறது. என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பினாங்கில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு மணகோலமும் சீப்புச்சீடையும் ஓர் எவர்சில்வர் சம்படத்தில். சம்படத்தின் அடி விளிம்பை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தோம். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது.

பெட்டி தரையில் பட்டு நின்றாலும் உள்ளே இருக்கும் சம்படத்துக்கு அது தெரியாது. நிலைமத்தால் அதே வேகத்தில் போய்க்கொண்டேயிருந்து ஓட்டில் மோதும். மூன்று கிலோ சம்படம் அரை சென்டிமீட்டருக்குள் நின்றால் 600 கிலோ விசை, அதுவும் ஒரு மெல்லிய விளிம்பின் மேல். இடையில் நாலு சென்டிமீட்டர் கனத்துக்குச் சேலைகள் இருந்திருந்தால் அது 75 கிலோவாகக் குறைந்து, அகலமாகப் பரவியிருக்கும். பெட்டி நிறையச் சேலைதான் இருந்தது. சம்படம் மட்டும் ஓரத்தில் இருந்தது.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் மனத்தாங்கலான பகுதி இது. ஏனெனில் இது கப்பலில் நடக்கவே இல்லை.

மிச்சமிருந்த சக்கரங்களில் ஒன்றை விரலால் அழுத்தினேன். கருப்பாகப் பிசுபிசுத்து, வெல்லப்பாகு ஒட்டியதுபோல் விரலோடு வந்தது. இன்னொன்றைக் கீறினால் ஈர மண்போல் உதிர்ந்தது. சக்கரத்தின் மேலிருக்கும் மெத்தென்ற பட்டை பாலியூரிதேன். அதில் ஒரு வகையின் மூலக்கூறுச் சங்கிலி எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, நீரை வெளியேற்றி உண்டாவது எஸ்டர். காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே ஊறினால் அதே வினை தலைகீழாக நடக்கிறது: நீர் உள்ளே போகிறது, பிணைப்பு அறுகிறது, அமிலம் வெளிப்படுகிறது. அந்த அமிலமோ அடுத்த பிணைப்பு அறுவதை இன்னும் விரைவாக்குகிறது. பாலில் விட்ட ஒரு கரண்டி உறைமோர் தானும் பெருகி, புளிப்பையும் கூட்டுவதுபோல. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பல வருடம் எடுத்துவைத்த ஷூவின் அடிப்பகுதி முதல் நடையிலேயே பெயர்ந்து விழுவதும் இதனால்தான். புழங்கினாலும் புழங்காவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் வேகம் கூடும்.

மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு முறை எடுத்துப் போன பெட்டி. தூசு படக்கூடாது என்று பாலிதீன் உறையில் இறுகக் கட்டி, எட்டு வருடம் பரணில் வைத்திருந்தார்கள். ஓட்டுக்கூரைக்குக் கீழே கோடை வெப்பம், உறைக்குள் சிக்கிய மழைக்கால ஈரம். அக்கறையோடு செய்த அந்தக் கட்டுதான் சக்கரத்தைத் தின்றிருக்கிறது.

பட்டை போன பிறகு என்ன ஆகும்? புறப்படும் நாளில் முகப்பிலிருந்து தெருவுக்கு எட்டுப் படி. பேரன் பெட்டியைத் தூக்கவில்லை, இழுத்து இறக்கினான். படிக்குப் படி பாதி எடை இரண்டு சக்கரத்தின் மேல் 'டங், டங்' என்று விழுந்திருக்கும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மெத்தை இல்லாததால் அடி நேரே சக்கரக்குழிக்குப் போகும். அங்கே திருகாணிக்காகத் துளை போட்டிருக்கிறார்கள்.

அந்தத் துளைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1913-இல் சார்லஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கப்பல் கட்டுவோருக்கான ஒரு கழகத்தில் வாசித்த கட்டுரையில் அதைப் போட்டுக் காட்டினார். இழுவிசையில் இருக்கும் ஒரு தகட்டில் வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு, அதாவது ஒரு சிறு பரப்பில் விழும் விசை, மூன்று மடங்காகிறது. துளை குறுகிக் கூர்மையாகிவிட்டால் அது பத்து, இருபது மடங்குக்கு ஏறும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல்களின் தளத்தில் விழுந்த விரிசல்களில் பல, சரக்கறை வாயின் சதுர மூலையிலிருந்து கிளம்பியவை. கப்பலை உடைத்த அதே கணக்குதான் பெட்டிச் சக்கரத்தையும் பிடுங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டு நாலாபக்கமும் சுழலும் சக்கரம் பக்கவாட்டில் எதிலாவது இடித்தால், அந்தத் தண்டு நெம்புகோலாகவும் வேலை செய்யும். ஓட்டுக்குள் பாதி புதைந்த இரண்டு சக்கரப் பெட்டி இதில் எவ்வளவோ மேல்.

உப்பின் வேலையும் கொஞ்சம் இருந்தது. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்காற்று படிந்த பெட்டியில் அந்த உப்புநீர், எஃகு அச்சைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் சக்கரம் இறுகிவிடும். அலுமினியக் கைப்பிடியில் எஃகு ஆணி தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடி பூக்கும். இதைப் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பைத்தான் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாகச் செய்துவருகிறது. கடலோர அரிப்பை ஆராய, ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் அதற்கு ஒரு நிலையமும் உண்டு. நாம் செய்ய வேண்டியது, ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சக்கரத்தையும் கைப்பிடியையும் ஒருமுறை துடைப்பது.

ஆச்சி உள்ளேயிருந்து தகரப்பெட்டியையும் எடுத்துவரச் சொன்னார். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் ஏற்றிப்போன காலத்துப் பெட்டி. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் போய்வந்தது என்பது வீட்டில் சொல்லிவரும் செய்தி. எட்டு மூலையிலும் இரட்டைத் தகடு, இரண்டு பக்கமும் பிடி. ஒரு மூலை நன்றாகவே நசுங்கியிருந்தது. தகரம் உடையாது, நசுங்கும். நசுங்கும்போதே நிற்பதற்கான தூரத்தைத் தந்துவிடும். சக்கரம் இல்லை, அதனால் கழல ஒன்றுமில்லை. எடை அதிகம், அதனால் யாரும் உயரே தூக்கி எறியவில்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் இத்தகைய பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பதற்கு இவை போதுமான காரணங்கள்.

நட்ட ஈடு கேட்கலாமா என்று ஆச்சி கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. கப்பல் பயணிகளின் சாமான்களுக்கான 1974-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒப்பந்தம், வெளியே தெரியும் சேதத்தைப் பெட்டி கைக்கு வரும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்கிறது. வெளியே தெரியாத சேதத்துக்கு 15 நாள். அந்த ஒப்பந்தம் செல்லாத இடத்திலும் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தபின் நம் பேச்சுக்கு வலு குறைந்துவிடும். ஆச்சியின் பெட்டி கப்பலுக்குப் பிறகு விமானம் ஏறித் திருச்சிக்கும், அங்கிருந்து காரில் காரைக்குடிக்கும் வந்திருக்கிறது. கடைசி அடி எங்கே விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புறப்படும்போதும் கையில் வாங்கும்போதும் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூலை விரிசலின் மூன்று முனையிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டேன். ஓட்டை போடுகிறானே என்று ஆச்சி பதறினார். விரிசலின் கூர்முனை வட்டமாகிவிட்டால் இங்லிஸ் கணக்குப்படி அங்கே தகைவு பல மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கு இறங்கிவிடும், விரிசல் அதற்கு மேல் ஓடத் தயங்கும் என்று விளக்கி, உள்ளே ஒரு தகட்டை வைத்து ஒட்டினோம். சக்கரங்கள் நான்கையும் பை தைக்கும் கடையில் மாற்றிக்கொண்டு வந்தார்கள். புதுச் சக்கரத்தை ஆச்சி முதலில் நகத்தால் அழுத்திப் பார்த்தார். பாலிதீன் உறையைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, பெட்டியைக் காற்றாட இரண்டாம் கட்டில் தகரப்பெட்டியின் மேல் படுக்கவைத்தார்.