கேரவன் தொட்டியை எங்கே காலி செய்வது?

கழிவறையும் சமையலறையும் கொண்ட கேரவனின் அடிவயிற்றில் பெரும்பாலும் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். கழிவறையிலிருந்து இறங்குவது கறுப்பு நீர். பாத்திரம் கழுவியதும் குளித்ததும் சாம்பல் நீர். இந்தத் தொட்டிகள் எதையும் சுத்திகரிப்பதில்லை. சேர்த்து வைப்பதோடு சரி. கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியாக்களின் வேலை. அந்த வேலையை எங்கே வைத்து நடத்தவிடுகிறோம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஆற்றில் நடந்தால் என்ன ஆகும்? 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுதான். சாதாரண வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது ஒரு லிட்டர் கழிவு, முப்பது லிட்டர் ஆற்று நீரின் மூச்சை உறிஞ்சிவிடும். கேரவன் கழிவறையிலோ தண்ணீரைச் சிக்கனமாகத்தான் ஊற்றுவார்கள். அதனால் கறுப்பு நீர் வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. சாலையோர மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டால், பல ஊர்களில் அது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குத்தான் போகும். சாம்பல் நீரையும் அப்பாவி என்று நம்ப வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் குளித்த உடம்பின் கிருமிகளும் அதில் உண்டு.

ஆகவே கழிவு போய்ச் சேர வேண்டியது பாதாளச் சாக்கடைக்கோ முறையான செப்டிக் டேங்குக்கோதான். வட அமெரிக்காவில் முகாம் மைதானங்கள், லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்கள், சில நெடுஞ்சாலை ஓய்விடங்கள் ஆகியவற்றில் கழிவு இறக்கும் மேடை உண்டு. சில சுத்திகரிப்பு நிலையங்களும் வாங்கிக்கொள்கின்றன. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் கறுப்பு நீர் சேர்வது கையால் உருவியெடுக்கும் பெட்டியில். அதற்கென ஒதுக்கிய தொட்டியில் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

செப்டிக் டேங்கில் ஒரு வம்பு இருக்கிறது. நாற்றத்தை அடக்கத் தொட்டியில் ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். நாற்றத்தைக் கிளப்பும் பாக்டீரியாவைக் கொல்லும் அதே மருந்து, செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். அரைகுறையாகச் செரித்த கழிவு நிலத்துக்குள் கசிந்து மண் துளைகளை அடைத்துவிடும். வாசனைக்கு ஆசைப்பட்டு இதை வாங்குவது வீண் வேலை என்பேன். நொதியோ உயிருள்ள பாக்டீரியாவோ சேர்ந்த மருந்துகள் கடைகளில் கிடைக்கின்றன.

காலி செய்வதிலும் நுணுக்கம் உண்டு. வண்டியைச் சாக்கடைக் குழாயோடு இணைத்து நிறுத்தியிருக்கும்போது கறுப்பு நீர்த் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் திரவம் மட்டும் வடிந்து ஓடிவிடும். திடக்கழிவு அடியில் கோபுரமாகக் குவிந்து காய்ந்து இறுகும். பிறகு அதைக் கரைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்தபின் ஒரே வீச்சில் திறந்தால், பாயும் நீரின் வேகமே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். கறுப்பு நீர் முதலில், சாம்பல் நீர் பிறகு: சோப்பு நீர் குழாயையும் கழுவிவிடும்.

மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும். அது அந்த இடத்தைக் கழுவுவதற்கு. கழிவுக் குழாயின் முனை எத்தனை பேர் கையால் அதன்மேல் உரசியிருக்கிறதோ, யார் கண்டது? குடிநீரை வேறிடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.