‘எல்லாந்தான் நெட்ல இருக்குமே’ன்னு எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பேப்பர், புஸ்தகக் கடை வெச்சிருக்கேன், ஏஜென்சியும் நம்மளதுதான். பழைய இசைப் பத்திரிகை இருக்கான்னு கேட்டு ஆளுங்க வர்றது புதுசு இல்ல, ஆனா போன வாரம் வந்தவரு கேட்டதுக்கு அப்புறம் எழுதியே ஆகணும்னு ஆயிடுச்சு. பாலக்கோடு பக்கத்துக்காரரு. அவங்க அப்பா நாதஸ்வரக்காரரு, எப்பவோ ஒரு பத்திரிகையில பேட்டி போட்டோவோட வந்திருக்கு. அப்பா தவறினதும் வீட்டைக் காலி பண்றப்ப அலமாரியில இருந்ததை எல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுட்டாங்க. ஏங்க போட்டீங்கன்னா, “எல்லாந்தான் நெட்ல இருக்குமேண்ணா”ங்கறாரு. இப்போ பேரப்பசங்களுக்குக் காட்டணும்னு தேடினா ஒண்ணுமே வரல. பத்திரிகை பேரும் சரியா ஞாபகம் இல்ல, வருஷமும் தெரியல. நான் எங்கேர்ந்து எடுத்துக் குடுக்கறது? விக்காத காப்பியை எல்லாம் அந்தந்த மாசமே கட்டி ரிட்டர்ன் போட்டுடுவோம், கடைக்காரன் பழசை வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்னு யாரு கெளப்பி விட்டாங்களோ தெரியல.

நெட்ல என்ன இருக்குன்னா, யாராவது ஒக்காந்து ஸ்கேன் பண்ணி ஏத்தினது மட்டும்தான் இருக்கு. தானா எதுவும் ஏறாது. 1980கள்ல அச்சான ஒரு சின்னப் பத்திரிகையை எவன் ஏத்தினான்? நீங்க ஏத்தினீங்களா? இல்லல்ல, அப்புறம் எப்படி இருக்கும்? சரி, ஏறினதாவது நிலைக்குதான்னு பாருங்க. மைஸ்பேஸ்னு ஒரு வெப்சைட்டு இருந்துச்சு, ஒரு காலத்துல பாட்டுக்காரங்க எல்லாம் அதுலதான் கெடப்பாங்க. 2003லேர்ந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தின பாட்டு அத்தனையும் சர்வர் மாத்தறப்ப போச்சுன்னு 2019ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எம்டிவின்னு பாட்டு டிவி சேனல் இருக்கே, அவங்களோட எம்டிவி நியூஸ் சைட்டுல இருபது வருஷத்துக்கு மேல எழுதினது இருந்துச்சு, 2024 ஜூன்ல மொதலாளி கம்பெனி அப்படியே எறக்கிடுச்சு. அதுல எழுதினவங்களே தன் கட்டுரையைத் தேடி அலைஞ்சாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த கதின்னா, உங்க அப்பா பேட்டிக்கு யாரு காவல் இருக்கப் போறா? பேப்பர் ஒரு எடத்துல எரிஞ்சாலும் இன்னொரு வீட்டுப் பரண்ல ஒரு காப்பி இருக்கும். நெட்ல ஒருத்தன் சுவிட்சை அமுக்கினா எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல காலி. இத நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், “அதெல்லாம் கூகுள்ல இருக்கும்ணா”ன்னு திரும்ப அங்கயேதான் வந்து நிப்பாங்க.

இசைப் பத்திரிகைக்கு விலை கொறைச்சா ஜனங்க வாங்குவாங்கன்னும் சில பேரு சொல்றாங்க. லண்டன்ல நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்னு ஒரு வாரப் பத்திரிகை, 1952லேர்ந்து வந்தது, பிரிட்டன்ல பாட்டு ரெக்கார்டு விக்கறதை வெச்சு ரேங்க் லிஸ்ட்டு போட்டதே அவங்கதான் மொதல்ல. வித்தது ரொம்பக் கொறஞ்சதும் 2015ல ஓசிக்கே குடுத்தாங்க, வாரம் மூணு லட்சம் காப்பி. ஜனங்க வாங்கிட்டுத்தான் போனாங்க, ஆனா விளம்பரம் பத்தல, 2018 மார்ச்ல அச்சை நிறுத்திட்டாங்க. க்யூன்னு அங்கயே இன்னொரு இசைப் பத்திரிகை, 1986ல ஆரம்பிச்சது, 2020ல மூடியாச்சு. முன்னெல்லாம் கேசட்டு வாங்கறதுக்கு முன்னாடி விமர்சனம் படிப்போம், காசு வீணாப் போயிடக் கூடாதேன்னு. இப்போ பாட்டே போன்ல ஓசியில ஓடுது, அப்புறம் விமர்சனத்துக்கு யாரு காசு குடுப்பா. விளம்பரமும் அது பின்னாடியே போன்குள்ள போயிடுச்சு. இதுக்கு மேல இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. எங்க பக்கமும் அதே கதைதான், ஓசூர்லேர்ந்து வந்து கிதார் பத்திரிகை கேட்ட பசங்க இப்போ எல்லாம் யூடியூப்லதான்.

அதனால கெஞ்சிக் கேக்கறேன், வீட்டைக் காலி பண்றப்ப அலமாரியை மொதல்ல ஒரு தடவை புரட்டிப் பாருங்க. சென்னையில 1983லேர்ந்து இங்கிலீஷ்ல வந்த ஸ்ருதி மாதிரி இசை, நாட்டியப் பத்திரிகை இருந்தாலோ, சினிமா பாட்டுப் புஸ்தகம், கச்சேரி நோட்டீஸு இருந்தாலோ தனியா எடுத்து வைங்க. வேணாம்னு தோணினா சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, கோட்டையூர்க்காரர் ஒருத்தர் சேர்த்து வெச்சதை வெச்சு உருவானது, என்னென்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட்டு எழுதி மொதல்ல கேளுங்க. சும்மா மூட்டையைக் கொண்டு போய் எறக்காதீங்க, அவங்களும் மனுஷங்கதான். 1954ல வந்த சட்டப்படி அச்சான புஸ்தகம் கன்னிமாரா நூலகத்துக்கும் போகணும், அப்புறம் பத்திரிகையையும் அதுல சேர்த்தாங்க, ஆனா எல்லாரும் ஒழுங்கா அனுப்பியிருப்பாங்கன்னு நம்பிக்கிட்டு நீங்க எடைக்குப் போட்டுடாதீங்க.

வெச்சிக்கறதா இருந்தா கிழிஞ்ச எடத்துல செல்லோ டேப் ஒட்டாதீங்க, தயவு செஞ்சு. கொஞ்ச வருஷத்துல பசை பழுப்பாகி எழுத்தையே தின்னுடும். லேமினேஷனும் வேணாம். வெயில் படாத, ஈரம் ஏறாத எடம் போதும், வருஷத்துக்கு ரெண்டு வாட்டி தொறந்து தட்டி வைங்க, பூச்சி இருக்கும். உங்க வீட்டு ஆளைப் பத்தி வந்த பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்காதீங்க, அட்டையும் தேதி இருக்கற பக்கமும் போச்சுன்னா அது எந்தப் பத்திரிகை, எந்த மாசம்னு நாளைக்கு யாருக்கும் தெரியாது. போன்ல போட்டோ எடுத்தாலும் அட்டையைச் சேர்த்து எடுங்க.

இன்னும் வந்துக்கிட்டு இருக்கற பத்திரிகை பிடிச்சிருந்தா சந்தா கட்டுங்க, குரூப்ல பிடிஎஃப் வருதுன்னு பெருமையா வந்து எங்கிட்டயே காட்டாதீங்க, நான் என்ன சொல்றது. பாதி விலைக்குச் சந்தான்னு வாட்ஸப்ல நம்பர் வந்தா காசு போடாதீங்க, பத்திரிகைக்குள்ள அச்சடிச்சிருக்கற அட்ரஸுக்கு மட்டும்தான். அட்ரஸ் எழுதறப்ப ஒண்ணு, கிருஷ்ணகிரி 2004லயே தனி மாவட்டம் ஆயிடுச்சு, இன்னமும் தர்மபுரி மாவட்டம்னு எழுதி பின்கோடையும் தப்பாப் போட்டா புஸ்தகம் சுத்திக்கிட்டேதான் இருக்கும், அப்புறம் வரலன்னு எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க.